ஊரில் மளிகைச் சாமான், அங்கே குற்றம்: பெட்டி கட்டும்போது செய்யும் தவறுகள்

அக்கா மகன் முதல்முறையாகத் துபாய்க்கு வேலைக்குக் கிளம்பியபோது, புளி, வற்றல், பருப்புப் பொடியோடு கால் கிலோ கசகசாவும் பெட்டிக்குள் இருந்தது. குருமாவுக்கு ஆகும் என்று அக்காவே கட்டி வைத்தது. வழியனுப்ப வந்த பக்கத்து வீட்டு அண்ணன் வளைகுடாவில் பல வருஷம் இருந்தவர். அதைப் பார்த்ததும் பதறிப்போய் எடுத்து வெளியே வைத்தார். அன்றைக்கு அவர் வராமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கடையில் கிடைக்கும் சாமான்தானே, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. கசகசா என்பது அபினிச் செடியின் விதை. பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலில்தான் மார்ஃபின் இருக்கிறது. விதைக்குள் அது இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அறுவடையின்போது அந்தப் பால் விதையின் மேல்தோலில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு இந்தச் செடி பயிராகிறது. நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம், செடியின் மற்ற பாகங்களைக் கட்டுப்படுத்தினாலும் விதையை மட்டும் விலக்கி வைத்திருக்கிறது. அதனால்தான் நமக்கு அது வெறும் மசாலா. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் அந்த விலக்கு கிடையாது. சிங்கப்பூரும் கசகசாவைத் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. அளவு கொஞ்சம்தான், சமையலுக்குத்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம் என நம்பிப் போகாதீர்கள்.

முழு விதையை எடுத்துவிட்டு, அரைத்த குருமாப் பொடியை உள்ளே வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதிலும் கசகசா இருக்கலாம். கடைப் பாக்கெட் என்றால் பின்பக்கத்தில் சேர்மானத்தைப் படியுங்கள். வீட்டில் அரைத்தது என்றால் அரைத்தவரிடமே கேளுங்கள். முந்திரியும் பொட்டுக்கடலையும் அரைத்து ஊற்றினால் குருமா கெட்டியாகவே வரும். வெற்றிலையையும் மறந்துவிடாதீர்கள், அமீரகத்தில் அதற்கும் தடை.

அப்புறம் மருந்து. டாக்டர் சீட்டு இருந்தால் எங்கேயும் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் வலி மாத்திரை போன்றவற்றை அமீரகத்துக்குக் கொண்டுபோக, சீட்டோடு அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதியும் வாங்க வேண்டும். ஜப்பான் இன்னும் கறார். அமெரிக்காவில் கவனக் குறைபாட்டுக்கு டாக்டரே எழுதித் தரும் அடரால் மாத்திரையில் ஆம்ஃபெட்டமின் இருப்பதால், சீட்டைக் காட்டினாலும் ஜப்பானுக்குள் அதை விடமாட்டார்கள். மாத்திரையின் கடைப்பெயரை வைத்துத் தேடாமல், அட்டையில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரை வைத்துத் தேடுங்கள். மாத்திரைகளைப் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டி எடுத்துப் போவது வேண்டாம். அது என்ன மாத்திரை என்று நிரூபிக்க அந்த அட்டைதான் உங்களுக்குத் துணை.

தடை என்றாலே அந்தப் பொருள் விஷம் என்று வாட்ஸ்அப்பில் பரப்புவதும் தவறுதான். தடைக்கு ஊருக்கு ஒரு காரணம் இருக்கும். சிங்கப்பூர் 1992இல் சூயிங்கத்தை நிறுத்தியதற்கு உடல்நலம் காரணமில்லை. மென்ற கம்மை ரயில் கதவுகளில் ஒட்டிவைத்ததால் வந்த தொல்லைதான் காரணம். 2004க்குப் பிறகு மருத்துவப் பயனுள்ள கம்மை மட்டும் அனுமதித்தார்கள். அமெரிக்காவுக்குப் பயணிகள் கறிவேப்பிலை கொண்டுபோக முடியாததற்குக் காரணம், அதில் ஒட்டியிருக்கக்கூடிய ஒரு குட்டிப் பூச்சி. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோப்புகளையே அழிக்கும் நோயை அது பரப்பும். பிள்ளையைப் பார்க்கப் போகும் அம்மாக்கள் ஒரு கொத்துதானே என்று பைக்குள் செருகுவது இதனால்தான் ஆபத்து.

திரும்பி வரும்போதும் கவனம் வேண்டும். 2019இல் அமீரகம் இ-சிகரெட் விற்பனையை அனுமதித்தது. அதே ஆண்டு இந்தியா அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை எல்லாவற்றையும் தடை செய்தது. அங்கே கடையில் ரசீதோடு வாங்கியது என்பது இங்கே சுங்கத்தில் எடுபடாது.

இறங்கும் நாட்டை மட்டும் பார்த்துவிட்டு, நடுவில் விமானம் மாறும் ஊரை மறந்துவிடுகிறோம். லண்டனுக்குக் கசகசா கொண்டுபோகலாம், சரி. ஆனால் துபாயில் மாறிப் போகிறீர்கள் என்றால், அந்தச் சில மணி நேரமும் அமீரகத்துச் சட்டம்தான் உங்கள் பைக்குப் பொருந்தும்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது அடுத்தவர் பொட்டலம். "தம்பிக்குக் கொஞ்சம் மாத்திரை, நீங்க போறீங்கள்ல, கொடுத்துடுங்க" என்று தெரிந்தவர்கள் கேட்டால் மறுக்க நமக்குக் கூச்சம். பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒட்டித் தந்ததைப் பிரிக்கக்கூடாது என்று சொன்னால், அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பை உங்களுடையது என்றால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

உணவுப் பொருள் விஷயத்தில் சந்தேகம் இருந்தும் ஒளித்துவைப்பது கடைசித் தவறு. ஆஸ்திரேலியாவில் விமானத்திலிருந்து இறங்குமுன் நிரப்பும் அட்டையில் உணவு, விதை, செடி வகை இருக்கிறதா என்று கேட்பார்கள். 'ஆம்' என்று எழுதிக் காட்டினால், கூடாத பொருளை எடுத்துக்கொண்டு மற்றதைத் தந்துவிடுவார்கள். 'இல்லை' என்று எழுதிவிட்டுப் பெட்டியில் ஊறுகாயோடு விதைப் பொட்டலம் அகப்பட்டால், அந்த இடத்திலேயே அபராதம்.