67 கமாரோ: பொம்மையோ நிஜமோ, வாங்குறப்ப பண்ணக் கூடாத தப்புங்க

67 கமாரோங்கறது 1967 மாடல் செவர்லே கார், ஹாட் வீல்ஸ்ங்கற பொம்மைக் கார் பிராண்டும் அதைக் குட்டியா செஞ்சு வித்துருக்கு. ஹாட் வீல்ஸ் சேர்க்க ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் வண்டியைக் கவுத்துப் போட்டு அடியில இருக்கற வருஷத்தைப் படிச்சதுமே அது அந்த வருஷத்து வண்டின்னு நம்பி காசைக் குடுத்துடுறாங்க. அது அந்த அச்சோட (பொம்மையை வார்க்கற மோல்டோட) காப்புரிமை வருஷம், வண்டி ஃபேக்டரிய விட்டு வந்த வருஷம் இல்ல. 67 கமாரோ அச்சு 1983-ல கடைக்கு வந்துச்சு, 1995-ல டிரெஷர் ஹன்ட்ங்கற ஹாட் வீல்ஸோட அரிய வரிசைல வெள்ளையில ஆரஞ்சு பட்டை போட்டு வந்ததும் அதே அச்சுதான். எந்த நாட்டுல செஞ்சது, எந்த மாதிரி சக்கரம், என்ன பெயின்ட்னு சேர்த்துப் பாருங்க, வருஷம் தானா பிடிபடும்.

அடுத்தது டயர்ல சிவப்புக் கோடு. 1968-ல வந்த ஹாட் வீல்ஸோட முதல் 16 வண்டில கஸ்டம் கமாரோவும் ஒண்ணு, அதுக்கு அந்தக் கோடு உண்டு, ஆனா பின்னாடி வந்த மறுபதிப்புலயும் அதே கோடு இருக்கு, அதனால கோட்டை மட்டும் நம்பாதீங்க.

எனக்கு மனசு வலிக்கறது இதுலதான்: பழைய வண்டி கிடைச்ச சந்தோஷத்துல மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்க்கிறது. தயவுசெஞ்சு வேணாம். அந்தப் பழைய வண்டிங்க மேல இருக்கற ஸ்பெக்ட்ராஃப்ளேம் பெயின்ட்ங்கறது பளபளப்பாக்கின உலோகத்து மேல அடிச்ச, உள்ள இருக்கறது தெரியற மெல்லிசு கலர், அதைத் தேய்ச்சா கலரே போயிடும், போனா திரும்ப வராது. வெதுவெதுப்பான தண்ணி, மெத்துன்னு ஒரு துணி போதும். சிலர் புதுசா பெயின்ட் அடிச்சு பழசுன்னு விப்பாங்க, அடித்தட்டை வண்டியோட சேர்த்துப் பிடிக்கற ரிவெட்டைப் (ஆணியைப்) பாருங்க, துளை போட்ட தடம் இருந்தா யாரோ பிரிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

நிஜ வண்டிலயும் இதே கதைதான். எஸ்எஸ்ங்கறது கமாரோல வேகமான வகை, ஆனா அந்த எஸ்எஸ் பேட்ஜை யார் வேணா வாங்கி ஒட்டலாம். வின் நம்பர் (வண்டியோட அடையாள எண்) 123-ன்னு ஆரம்பிச்சா அது ஆறு சிலிண்டரா பிறந்த வண்டி, எஸ்எஸ் எல்லாமே வி8 (எட்டு சிலிண்டர்), அதனால அந்த பேட்ஜ் பொய். ஆனா 124 இருக்கறதால மட்டும் எஸ்எஸ் ஆயிடாது, அது வி8-ன்னு மட்டும்தான் சொல்லும். 1967-ல இசட்/28-ங்கற ரேஸுக்கான கமாரோ வகை மொத்தமே 602 தான் செஞ்சாங்க, அதனால ஒரிஜினல் பேப்பர் இல்லாம அந்தப் பேரை நம்பாதீங்க. 67-ஐயும் 68-ஐயும் குழப்பிக்கறவங்க முன் கதவைப் பாருங்க, தனியாத் திறக்கற சின்ன முக்கோணக் கண்ணாடி இருந்தா 67, 68-ல அதை எடுத்துட்டு பக்கவாட்டுல சின்ன லைட் வச்சுட்டாங்க.