பழைய கருமருந்து ரிவால்வர்: எந்தக் குறையோடு வாங்கலாம், எதை விட்டுவிட வேண்டும்

துருவும் கீறலுமாக ஒரு கருமருந்து ரிவால்வர் குறைந்த விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் வாங்கலாம் என்றுதான் சொல்வேன், ஆனால் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிகிற குறைகளில் பாதி ஒரு நாள் வேலைதான். பளபளவென்று இருக்கும் ஒன்றில் பிரேம், அதாவது எல்லாப் பாகங்களையும் தாங்கும் உடற்சட்டம், இழுபட்டுப் போயிருந்தால் அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

சட்டத்தை முதலில் பாருங்கள். அமெரிக்க மத்திய சட்டம் 1898-க்குள் செய்தவற்றையும், தோட்டா போட முடியாத கருமருந்து நகல்களையும் பழம்பொருள் கணக்கில் வைக்கிறது, ஆனால் அங்கேயே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், வேறு பல நாடுகளில் உரிமம் இல்லாமல் வாங்கவே கூடாது.

கையில் வாங்கியதும் குழலை யாரும் இல்லாத பக்கம் திருப்பி, சிலிண்டரின் பின்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் உள்ள சின்னக் குழாய் முனைகளில் (நிப்பிள்) மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி (கேப்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே கீழே வைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் விடுங்கள். இல்லையென்றால் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு சிலிண்டரைக் கழற்றி, மெல்லிய மரக்குச்சியை ஒவ்வொரு அறையிலும் விட்டுப் பாருங்கள், ஆறிலும் ஒரே ஆழத்துக்கு, நிப்பிளின் அடி வரை போக வேண்டும், போகவில்லை என்றால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கலாம். இருபது வருடமாக அலமாரியில்தான் கிடந்தது என்று சொன்னாலும் இதை விடாதீர்கள். ஈரம் படாத கருமருந்துக்கு வயதே கிடையாது.

அடுத்தது பிரேம், அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம். இவற்றில் கோல்ட், ரெமிங்டன் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் பெயரில் இரண்டு வகை அதிகம் பார்ப்பீர்கள். கோல்ட் வகையில் சிலிண்டருக்கு மேலே பாலம் கிடையாது, குழலைச் சிலிண்டர் சுழலும் நடுத்தண்டில் கோத்து குறுக்கே ஒரு ஆப்பு அடித்துத்தான் எல்லாம் நிற்கிறது. பிரேம் பித்தளை என்றால் அதிக மருந்து போட்டுச் சுடச் சுட நடுத்தண்டு தளர்ந்துவிடும். குழலைக் கழற்றிவிட்டு நடுத்தண்டைப் பிடித்து ஆட்டுங்கள், துளி ஆட்டம் இருந்தாலும் வேண்டாம். அப்படியே சிலிண்டருக்குப் பின்னால் பிரேமின் முகத்தைப் பாருங்கள், சிலிண்டரின் பற்கள் மோதி மோதி வட்டமாகப் பள்ளம் பதிந்திருந்தால் அது உழைத்துக் களைத்த துப்பாக்கி. ரெமிங்டன் வகையில் மேலே பாலம் உண்டு, எஃகு பிரேம் என்றால் நிறையத் தாங்கும். அதன் மேல் பொறித்திருக்கும் 1858 காப்புரிமை ஆண்டுதான், செய்த ஆண்டு இல்லை. பித்தளை பிரேமோடு வரும் ரெமிங்டன் எல்லாமே பிற்கால நகல், அதை அசல் என்று யாராவது சொன்னால் அவர் சொல்லும் மற்றதையும் நம்பாதீர்கள்.

சரி, இப்போது இயக்கம். சுத்தியலை மெதுவாக, மிக மெதுவாக இழுங்கள். முழுதாக இழுபட்டு நிற்கும் அந்த நொடியிலோ சற்று முன்போ சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும், ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்து பாருங்கள். ஒரு அறை மட்டும் கொஞ்சம் பின்தங்கி, விரலால் தள்ளினால்தான் ‘டிக்’ என்று விழுகிறது என்றால் சிலிண்டரைச் சுழற்றும் கொக்கி தேய்ந்திருக்கும், அது மாற்றக்கூடிய சின்னப் பாகம். இழுத்து நிறுத்திய சுத்தியலைப் பின்னாலிருந்து கட்டைவிரலால் முன்னோக்கி அழுத்தும்போது நழுவினால் விஷயம் வேறு, அது ஆபத்து, துப்பாக்கி பழுதுபார்ப்பவர் கைக்குப் போகாமல் சுடவே கூடாது. வெறும் நிப்பிள் மேல் சுத்தியலை அடிக்க விடாதீர்கள், கையால் பிடித்து மெல்ல இறக்குங்கள்.

குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். கருமருந்தின் கரி ஈரத்தை இழுக்கும், கழுவாமல் வைத்தவர்களின் துப்பாக்கியில் அரிப்பு விழுந்தே இருக்கும். பொடிப்பொடியான பள்ளங்களோடு நன்றாகச் சுடுகிற குழல்கள் நிறைய உண்டு, உள்ளே சுருளாக ஓடும் வரித்தடங்கள் கூர்மையாகத் தெரிந்தால் போதும். நான் பயப்படுவது ஒரே இடத்தில் மோதிரம் போல ஓடும் நிழலுக்கு: குழலில் சிக்கிய குண்டின் மேல் இன்னொன்றைச் சுட்டிருக்கிறார்கள், குழல் உப்பியிருக்கிறது. சிலிண்டரைப் பூட்டி நிறுத்த அதன் வெளிப்புறத்தில் வெட்டியிருக்கும் குழிகளையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள், சுவர் அங்கேதான் மிக மெல்லியது. விரிசலோ உப்பலோ தெரிந்தால் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம், யாரோ கருமருந்துக்குப் பதில் இக்காலத் தோட்டாக்களில் உள்ள, அழுத்தம் அதிகமான புகையில்லா மருந்து போட்டிருக்கலாம்.

நிப்பிள் தலை நசுங்கியிருந்தால் கவலையில்லை, புதிது கிடைக்கும். இறுகிப் போனதைக் குறடு போட்டுத் திருகிவிடாதீர்கள், துரு இளக்கும் எண்ணெயில் இரண்டு நாள் ஊறட்டும், அதற்கென்று உள்ள சாவியால் திருப்புங்கள். நான் முதலில் வாங்கியதில் ஐந்து லேசாக வந்துவிட்டன, ஆறாவதற்கு அவசரப்பட்டதில் சிலிண்டரின் மரையே போய்விட்டது. அன்றிலிருந்து திருகாணித் தலைகளைத்தான் முதலில் பார்ப்பேன், அவை பிய்ந்து சிதைந்திருந்தால் பொருந்தாத கருவியோடு யாரோ உள்ளே புகுந்திருக்கிறார் என்று அர்த்தம்.

உடைந்த ஸ்பிரிங், ஆடும் கைப்பிடி, போன நீலப்பூச்சு எல்லாம் விலையைக் குறைக்கச் சொல்லும் காரணங்கள். உபெர்ட்டி, பியெட்டா போன்ற இத்தாலிய நகல்களுக்கு உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கும், ஆனால் தயாரிப்பாளர் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள், ஒன்றின் பாகம் இன்னொன்றில் தேய்க்காமல் உட்காராது.

வாங்கி வந்ததும் மரப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு, உலோகத்தை வெந்நீரிலும் சோப்பிலும் கறுப்பு நீர் வருவது நிற்கும்வரை தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் தடவுங்கள். 19-ஆம் நூற்றாண்டு அசல் என்று சந்தேகம் வந்தால் மட்டும் தேய்க்காதீர்கள், அந்தப் பழுப்பு நிறத்துக்கே மதிப்பு உண்டு, விவரம் தெரிந்தவர் பார்க்கும்வரை மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.