பால் பைத்தானுக்குச் செள்ளு வந்தால் முதலில் பெட்டியைப் பாருங்கள்

பால் பைத்தான் (ball python) என்கிற வளர்ப்புப் பாம்பு பகலெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு கிடந்தால், "பாவம், அதுக்கு வெக்கையா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். பாம்பைத் தூக்கிவிட்டு, கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள் செத்துக் கிடந்தால் அது மண்ணில்லை. மைட் என்கிற பாம்புச் செள்ளு. அதன் தொல்லை தாங்காமல்தான் பாம்பு தண்ணீரில் இறங்கியிருக்கிறது.

நான் தக்கலைக்காரி. பாம்பு என் மகனுடையது. கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகும்போது, "அம்மா, பத்து நாளைக்கு ஒரு எலி, தினமும் தண்ணி, அவ்வளவுதான்" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனான். கோழி வளர்க்கிற வீடு, செள்ளு எனக்குப் புதிதில்லை. ஆனால் கோழிக்கூட்டில் செய்கிற வைத்தியம் ஒன்றுகூடப் பாம்புக்கு ஆகாது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் இருப்பதால், 2024இல் வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துதான் வைத்திருக்க முடியும். நம்மூர் மலைப்பாம்பு, சாரை எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது, 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. தோப்பில் செள்ளு பிடித்த பாம்பைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். தூக்கி வந்து வைத்தியம் பார்க்க வேண்டாம்.

சரி, வந்திருப்பது அதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பழைய வெள்ளை வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, நனைத்துப் பிழிந்து, பாம்பை அதற்குள்ளே மெதுவாக ஊர்ந்து போக விடுங்கள். துணியில் ஒட்டுகிற புள்ளியை நகத்தால் நசுக்கினால் ரத்தக்கறை தெரியும். அப்புறம் டார்ச் அடித்துக் கண்ணைப் பாருங்கள். கண்ணுக்கும் அதைச் சுற்றியுள்ள செதிலுக்கும் நடுவே மயிரிழை அளவு இடுக்கு இருக்கிறது. செள்ளு அதில் தலையை நுழைத்து, பின்பக்கத்தை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாலைந்து சேர்ந்தால் கண் விளிம்பே தடித்துப்போன மாதிரி தெரியும். தாடைக்கு அடியில் நடுவே ஓடும் பள்ளம், மலத்துவாரத்தின் ஓரம், வயிற்றுச் செதிலின் அடி, இவையும் அதற்குப் பிடித்த இடங்கள். பாம்பின் மேல் வெள்ளையாகத் தூசி படிந்திருந்தால் அது செள்ளின் எச்சம்.

பெட்டிக்குள் ஓடுவதெல்லாம் இந்தச் செள்ளு என்று பயப்படவும் வேண்டாம். பெட்டியின் அடியில் விரிக்கிற கதம்பைத் தூளில் (தேங்காய் நார்த் தூள்) நம்மூர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும், அதைத் தின்ன வெளுத்த பூச்சிகள் வரும். அவை தூளோடு கிடக்கும், பாம்பின் ரத்தத்தைக் குடிப்பதில்லை. தூளை மாற்றினால் போய்விடும்.

வந்திருப்பது பாம்புச் செள்ளுதான் என்றால் முதலில் நினைவில் வைக்க வேண்டியது, பாம்பின் மேல் தெரிவது பாதிக் கூட்டம்கூட இல்லை என்பது. ரத்தம் குடித்த பெட்டை பாம்பை விட்டு இறங்கி, இருட்டும் ஈரமும் உள்ள இடுக்கில் முட்டையிடும். நம் வெயிலுக்கு ஒன்றிரண்டு நாளில் பொரித்துவிடும். குஞ்சு வளர்ந்து முட்டையிடும் பருவத்துக்கு வர இரண்டு மூன்று வாரம். வளர்ந்தது ஒரு மாதத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். மருந்து பெரும்பாலும் முட்டையைக் கொல்லாது. அதனால் பாம்பை எத்தனை தடவை குளிப்பாட்டி அதே பெட்டியில் விட்டாலும் புதுக் கூட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

பெட்டியை உலர வைத்தால் செள்ளு சாகும் என்று மகன் எங்கேயோ கேட்டுவந்து சொன்னான். உண்மைதான், ஆனால் அதற்கு நல்ல வறட்சி வேண்டும். குமரி மாவட்டத்தில் இடவப்பாதி மழை முடிந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது. துவைத்துப் போட்ட துணியே காயாத வீட்டில் செள்ளு எங்கே காயப்போகிறது? குளிர்காலம் வந்து அடங்கும் என்கிற பேச்சுக்கும் இங்கே இடமில்லை.

ஆகவே பாம்பை உடனே வேறிடத்துக்கு மாற்றுங்கள். பாத்திரக்கடையில் கிடைக்கிற, மூடி இறுகப் பூட்டுகிற பிளாஸ்டிக் டப்பா போதும். பக்கவாட்டில் காற்றுத் துளை போட்டு, அடியில் வெறும் டிஷ்யூ பேப்பரை விரியுங்கள். செய்தித்தாள் வேண்டாம், எழுத்துக்கு நடுவே செள்ளு கண்ணுக்குத் தெரியாது. ஒளிந்துகொள்ள ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டை வெட்டிக் கவிழ்த்து வைத்து, பேப்பர் மாற்றும்போது அதையும் தூரப் போட்டுவிடுங்கள். எறும்பு ஏறாமல் அலமாரிக் காலுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்போம் இல்லையா, அதேபோல டப்பாவை சோப்புத் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டில், நாலு மூலைக்கும் ஓட்டுத் துண்டு கொடுத்து வையுங்கள். ஏறுவதும் இறங்குவதும் நிற்கும். சூடு கொடுக்கிற பாயைப் புது டப்பாவுக்குக் கொண்டுபோகும் முன் நன்றாகத் துடைத்து, மடிப்பெல்லாம் பாருங்கள்.

பழைய பெட்டியில்தான் உண்மையான வேலை. கதம்பைத் தூள் முழுவதையும் பாலித்தீன் பையில் கட்டி எரித்துவிடுங்கள். தென்னைக்கு உரமாகட்டும் என்று வாசலில் கொட்டாதீர்கள். மரக்கட்டை, மரப்பட்டை, சிரட்டை எல்லாம் அடுப்புக்கே போகட்டும். இவற்றின் துளைக்குள் எதுவும் நுழைந்து சுத்தம் செய்ய முடியாது. மண்சட்டி ஓடு வைத்திருந்தால் கொதிக்கும் தண்ணீரில் நன்றாக வேகவிட்டு எடுக்கலாம். பெட்டியைச் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். கண்ணாடிக் கதவு ஓடும் தண்டவாளம், சிலிக்கான் ஒட்டிய மூலை, திருகாணித் துளை, சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டின் வயர் நுழைகிற ஓட்டை ஆகிய இடங்களில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். ஐம்பது டிகிரிக்கு மேல் சூடு பட்டால் செள்ளு தாங்காது. வெயில் உள்ள நாளில் கறுப்பு பாலித்தீன் சுற்றி மொட்டை மாடியில் உச்சிவெயில் முழுக்க வைத்தால் மீதி வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும். பெட்டி இருந்த மேசையின் அடி, சுவர் ஓரம், பக்கத்துத் திரைச்சீலை இவற்றையும் விடாதீர்கள்.

இப்போது பாம்பு. வெதுவெதுப்பான தண்ணீர், முழங்கையில் ஊற்றிப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. ஆழம் பாம்பின் உடம்புத் தடிமனுக்கு மேல் வேண்டாம். அரை மணி நேரம் விடலாம், ஆனால் பக்கத்திலேயே இருங்கள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போய்விடக் கூடாது. தண்ணீரில் உடம்பு நனைய நனையச் செள்ளு தலைப்பக்கம் ஓடும். அங்கே பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு பேபி ஆயில் தொட்டு, கண் விளிம்பிலும் தாடைப் பள்ளத்திலும் மெல்லிசாகத் தடவித் துடைத்தெடுங்கள். மூக்குத் துளையில் படக் கூடாது. இரை தின்ற இரண்டு மூன்று நாளைக்குக் குளிப்பாட்டவும் வேண்டாம், கையில் எடுக்கவும் வேண்டாம், கக்கிவிடும். தோல் உரித்தால் உங்களுக்கு லாபம், ஒரு கூட்டமே சட்டையோடு கழன்று வந்துவிடும். அதைப் பார்த்த உடனே எடுத்துப் பையில் கட்டுங்கள்.

மருந்து விஷயத்தில் நான் கறார். பக்கத்து வீட்டு மைனி, "வேப்பெண்ணெயைத் தேச்சி விடுங்க மைனி, எல்லாம் செத்துரும்" என்றாள். அவள் ஆட்டுக்கு அது சரி. பாம்பின் மேல் பிசுபிசுவென்று அப்பிக்கொண்டு எரிச்சல் கொடுக்குமே தவிர, பெட்டியிலுள்ள முட்டையை அது என்ன செய்யும்? மாட்டு உண்ணிக்கு அடிக்கிற டெல்டாமெத்ரின், அந்துருண்டை, பினாயில், மண்ணெண்ணெய் எதுவும் கிட்டே வரக் கூடாது. மூடிய டப்பாவுக்குள் அந்துருண்டைப் புகையைப் பாம்பு சுவாசித்தால், செள்ளுக்கு முன்னால் அதுதான் போகும்.

டாக்டர்கள் பொதுவாகக் கொடுப்பது இரண்டு. ஒன்று ஐவர்மெக்டின். ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லிகிராம் என்கிற மிக நீர்த்த கலவையை, சில நாளுக்கு ஒரு முறை, மூன்று வாரத்துக்கு மேல் உடம்பிலும் பெட்டியிலும் தெளிப்பது. வீட்டில் ஆமை இருந்தால் அந்தப் பாட்டில் அந்தப் பக்கமே போகக் கூடாது, ஆமையைக் கொன்றுவிடும். இன்னொன்று நாய்க்கு அடிக்கிற ஃபிப்ரோனில் ஸ்ப்ரே. அதை நேராகப் பாம்பின் மேல் அடிக்காமல் துணியில் தொட்டு மெலிதாகத் துடைக்கச் சொல்வார்கள். எந்த மருந்தானாலும் தெளித்த இடம் காய்ந்து, வாடை போன பிறகே தண்ணீர்க் கிண்ணத்தை உள்ளே வையுங்கள். பாம்பின் எடையைப் பார்த்து அளவை டாக்டரே சொல்லட்டும். இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்குப் போகாதீர்கள்.

வாயைத் திறந்து பார்த்தால் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா, மூச்சில் கரகரப்பு, வாயில் நுரை, கையில் எடுத்தால் துவண்டு தொங்குகிறதா? அப்படியென்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்துங்கள். ரத்தம் போனதோடு, செள்ளு கடித்த இடத்தில் கிருமி சேர்ந்திருக்கலாம். உள்ளூரில் நாய், மாடு பார்க்கிற டாக்டர் தயங்கினால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். பாம்பைத் தலையணை உறையில் விட்டு, உறையின் வாயைக் கட்டி, காற்றுப் போகும் வாளிக்குள் வைத்து எடுத்துப் போங்கள். பஸ்ஸில் போவதாக இருந்தால் வாளியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்காமல் இருக்கப் பிரார்த்தனை செய்துகொள்ளுங்கள். திரும்பி வந்ததும் உறையைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள்.

கடைசிச் செள்ளைப் பார்த்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, அதிலிருந்து இன்னும் மூன்று வாரம் பேப்பர் மாற்றுவதும் துணி வைத்துப் பார்ப்பதும் தொடரட்டும். எல்லோரும் கோட்டை விடுவது இந்த மூன்று வாரத்தில்தான். புதுக் கதம்பைத் தூளை அதற்கப்புறம் போட்டால் போதும். வேறு பாம்பு, பல்லி வைத்திருந்தால் அவற்றை முதலில் கவனித்துவிட்டு, இதைக் கடைசியாகத் தொட்டு, முழங்கை வரை கழுவி, சேலையையும் மாற்றிக்கொள்ளுங்கள். செள்ளு நம் மேல் குடியிருக்காது, ஆனால் எப்போதாவது கடித்துச் சிவப்பாகத் தடித்துவிடும்.

மகன் கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது ஜோடிக்கு இன்னொன்று கொண்டுவரப் போகிறானாம். "கொண்டு வா மக்களே, ஆனா அது மூணு மாசம் மாடி அறையிலதான்" என்று சொல்லியிருக்கிறேன். அதற்குத் தனிக் கிண்ணம், தனி இடுக்கி, தனித் துணி. பதிவுச் சீட்டையும் சேர்த்துக் காட்டினால்தான் வாசல்படி தாண்ட விடுவேன்.