வந்து வந்து போகும் ஐடிலிங் தடுமாற்றம்: பழைய எம்எக்ஸ்-5 காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் இளைஞர் ஒருவர் 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை லண்டன் புறநகரில் உள்ள எங்கள் பணிமனைக்குக் கொண்டுவந்தார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் ஐடிலிங்கில், சில சமயம் எஞ்சின் உதறுகிறது, நிமிடத்துக்கு 850 சுற்றில் நிற்க வேண்டிய முள் 500 வரை இறங்குகிறது, அடுத்த விளக்கில் அந்தச் சுவடே இல்லாமல் சீராக ஓடுகிறது என்றார். பானட்டைத் திறந்ததும் என் கண், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டரின் மேல்தான் போய் நின்றது. அதன் கறுப்பு மூடியைச் சுற்றித் தொழிற்சாலையில் இட்ட பசை கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது. "இதைத் திறந்தீங்களா, தம்பி?" என்று கேட்டேன். "ஆமா அண்ணா, உள்ளே இருக்கிற பல்சக்கரத்தை மூணு பல் தளர்த்தினேன், ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு" என்றார்.

பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் காரில் நான் செய்ததும் இதே மூன்று பல்தான். அழுக்கான ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக் போன்றவற்றை எவரும் முதலிலேயே பார்த்துவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே சொல்வது 1989இல் அறிமுகமான முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இன் 1.6 லிட்டர் எஞ்சினைப் பற்றியது.

வந்து போகும் கோளாறுக்கு நிலையான திருத்தம் செய்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். ஏன் தவறு என்பது புரிய, அந்த மீட்டர் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் இழுக்கும் காற்று உள்ளே ஒரு தகட்டைத் தள்ளுகிறது. ஒரு சுருள்வில் அதை எதிர்த்துப் பிடிக்கிறது. தகடு எவ்வளவு திறந்தது என்பதைப் பொட்டென்ஷியோமீட்டர் மின்னழுத்தமாகக் கணினிக்குச் சொல்ல, கணினி அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜெக்டர் வழியே விடுகிறது. மீட்டரைத் தாண்டிய பிறகு எங்கேனும் விரிசல் இருந்தால், அதன் வழியே நுழையும் காற்று கணக்கில் வராமலே எஞ்சினுக்குள் போய்விடுகிறது. காற்று கூடி, பெட்ரோல் கூடாததால் கலவை மெலிந்து எஞ்சின் உதறுகிறது. ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தச் சிறிய கசிவு பெரிய பங்காகிவிடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்துக் காற்று பெருகியதும் அதே கசிவு பொருட்டில்லாமல் போகிறது. மிதித்தால் சீராகி, விட்டால் உதறுகிற காரில் நான் முதலில் காற்றுக் கசிவைத் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

என் கார் காலையில் குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடும். பதினைந்து நிமிடம் நெரிசலில் ஊர்ந்தபின் உதறத் தொடங்கும். முதலில், ஆக்சிலரேட்டருக்கு ஏற்பக் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியின் மேலிருக்கும் ரப்பர் அடைப்பைக் கழற்றி, அடியில் உள்ள ஐடிலிங் திருகை அரைச் சுற்றுத் திறந்தேன். ஒரு வாரம் பொறுத்தது. பிறகு மீட்டரைத் திறந்து, பல்சக்கரத்தைத் திருப்பிச் சுருள்வில்லைத் தளர்த்தினேன். தளர்ந்த வில்லுக்கு எதிராகத் தகடு கூடுதலாகத் திறக்கும், கணினியும் கூடுதல் பெட்ரோல் விடும். அதன்பின் கேம் ஆங்கிள் சென்ஸாரைத் திருப்பி, 10 டிகிரியில் இருக்க வேண்டிய டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் தருணத்தை, 14க்கு ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் சில நாள் நிம்மதி கிடைத்தது. அந்த நிம்மதிதான் என்னை மேலும் தவறான வழியில் இழுத்துச் சென்றது.

கசிவு எப்போதும் இருப்பதில்லை என்பதை நான் யோசிக்கவே இல்லை. விரிசல் திறந்திருக்கும் நேரத்துக்கு ஏற்றபடி அமைத்த கலவை, விரிசல் மூடியிருக்கும் நேரத்தில் அளவுக்கு மீறிக் கொழுத்துவிடும். ஆக்ஸிஜன் சென்ஸாரைக் கொண்டு கணினி ஓரளவுக்குத்தான் சரிக்கட்ட முடியும். சில மாதங்களில் பிளக்குகள் கரி பிடித்துக் கறுத்தன, சைலன்ஸரில் பெட்ரோல் வாடை அடித்தது, கடைசியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் உட்புறம் உருகி உடைந்து உள்ளே கலகலக்கத் தொடங்கியது. ஆண்டுச் சோதனையில் கார் தேறவில்லை.

இரவல் வாங்கிய புகை இயந்திரத்தால் உள்ளே புகையைச் செலுத்தியபோதுதான், மீட்டரிலிருந்து த்ராட்டில் பாடிக்குப் போகும் ரப்பர்க் குழாயின் அடிப்பக்கத்திலிருந்து மெல்லிய வெள்ளைப் புகை நூலாக எழுந்தது. கழற்றி வளைத்துப் பார்த்தேன். மடிப்புகளில் ஒன்றின் பள்ளத்தில், நகம் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு வாய் திறந்தது. கையை விட்டதும் தலைமயிர்க் கோடாக மூடிக்கொண்டது. எஞ்சின் சூடாகி ரப்பர் இளகியதும், தன் மவுண்டுகளின்மேல் அசையும் எஞ்சின் அந்த மடிப்பை இழுத்துத் திறந்திருக்கிறது. மேலிருந்து எத்தனை முறை பார்த்தாலும் அது கண்ணில் படாது.

புதிய குழாயைப் போட்ட பிறகும் கார் சரியாகவில்லை, ஏனென்றால் அதற்குள் நான் மூன்று அமைப்புகளைக் கெடுத்து வைத்திருந்தேன். டைமிங்கையும் திருகையும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிந்தது. பல்சக்கரம் முதலில் எங்கே நின்றது என்று குறி வைக்காததால், மீட்டரை மட்டும் மாற்றியே ஆக வேண்டியிருந்தது. கன்வெர்ட்டருக்கும் மீட்டருக்கும் கொடுத்த பணத்தில் அந்தக் குழாயைப் பல முறை வாங்கியிருக்கலாம். எனவே மூடி ஒட்டியபடியே இருக்கிற ஏர் ஃப்ளோ மீட்டரைத் தயவுசெய்து திறக்காதீர்கள். யாரோ ஏற்கெனவே திறந்திருந்தால், வேறு எதையும் தொடுமுன் சக்கரம் இப்போது நிற்கும் இடத்தில் பெயின்டால் ஒரு புள்ளி வையுங்கள்.

கோளாறு இல்லாத நேரத்தில் சோதிப்பது

சீராக ஓடுகிற எஞ்சினில் எடுக்கும் அளவுகள் எதையும் காட்டிக்கொடுக்காது. கோளாறு எப்போது வருகிறது என்பதை ஒரு வாரம் எழுதி வையுங்கள்: எஞ்சின் சூடா குளிரா, முகப்பு விளக்கு எரிந்ததா, ஃபேன் ஓடியதா, ஸ்டீயரிங்கைத் திருப்பினீர்களா, முந்தைய இரவு மழை பெய்ததா. மழைக்குப் பின் மட்டும் வந்தால், இருட்டில் பிளக் ஒயர்களின்மேல் தண்ணீரை மென்மையாகத் தெளித்து, நீலப் பொறி தாவுகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள்.

உறிஞ்சு அழுத்தத்தை அளக்கும் வேக்யூம் கேஜ் ஒன்றை, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டில் இணைத்து வைப்பது நல்லது. நல்ல நிலையில் உள்ள எஞ்சின் ஐடிலிங்கில் ஏறத்தாழ 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவைக் காட்டும். பிறகு ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு கனெக்டரையும் கையால் மெல்ல வளைத்து அசைத்து, எதை அசைக்கும்போது முள் விழுகிறது என்று கவனியுங்கள். அந்த இளைஞரின் காரில், எஞ்சினின் உள்வாயுவை மீண்டும் எரிக்க அனுப்பும் பிசிவி வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் குழாயைத் தொட்டதுமே எஞ்சின் உதறியது. அதன் முனை காய்ந்து, கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. அவர் தளர்த்திய வில்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு பகல் முழுவதும் ஆனது.

பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பது

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும் எஞ்சினில் ஒயரைப் பிடுங்குவது பழைய வழக்கம். இந்தக் காரில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயில்கள் இரண்டு: 1, 4 சிலிண்டர்கள் ஒரு காயிலையும் 2, 3 சிலிண்டர்கள் மற்றொன்றையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு ஒயரைப் பிடுங்கினால் ஜோடி சிலிண்டரும் பாதிக்கப்படலாம், வெளியேற வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலையே சேதப்படுத்தலாம். இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியும் வேகம் குறையவில்லையோ அதுதான் நீங்கள் தேடும் சிலிண்டர்.

ஒரே நாளில் நான்கு பாகங்களை மாற்றுவது

ஒன்றை மாற்றி, ஒரு வாரம் ஓட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

டென், ஜிஎன்டி முனைகளை இணைக்காமல் டைமிங் பார்ப்பது

பானட்டுக்கு அடியில் உள்ள சோதனைப் பெட்டியில் இந்த இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைக்காவிட்டால் கணினி டைமிங்கைத் தன் விருப்பப்படி நகர்த்திக்கொண்டே இருக்கும். ஐடிலிங் திருகைத் தொடுவதற்கும் இதே விதிதான்.

தீப்பற்றும் ஸ்ப்ரேயால் கசிவு தேடுவது

சூடான எஞ்சினில் வேண்டாம். புகை இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள்.

கிராங்க் புல்லியைப் பார்க்காமல் விடுவது

தொடக்க ஆண்டுகளின் 1.6 எஞ்சின்களுக்கு மட்டும் இது பொருந்தும். அவற்றின் கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டையாக இருக்கும். முன்பு டைமிங் பெல்ட் மாற்றியவர் புல்லி போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தால், புல்லியை ஷாஃப்டில் நகராமல் பிடிக்கும் சாவி உட்காரும் பள்ளம் தேய்ந்து டைமிங் இடம் மாறத் தொடங்கும். ஐடிலிங் தடுமாற்றத்தோடு இழுவையும் குறைந்திருந்தால், எஞ்சின் ஓடும்போது முன்னாலிருந்து புல்லியைப் பாருங்கள். அது தள்ளாடிச் சுற்றினால் எஞ்சினை உடனே அணைத்துவிட்டு, மேற்கொண்டு ஓட்டாமல், அந்தப் போல்ட்டைக் கழற்றிப் பள்ளத்தைச் சோதியுங்கள்.