நாய்க்குக் காப்புறுதி: கையெழுத்து வைக்க முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு பின்னேரம், என்னிடம் அல்சேசன் குட்டி வாங்கிப்போன பெடியன் ஒருவன் கேற்றடியில் வந்து நின்றான். கையில் போன், போனில் ஒரு காப்புறுதிப் படிவம்.

"அன்ரி, ரொறன்ரோவில இருக்கிற அக்கா உடன எடுக்கச் சொல்லுறா. கட்டுப்பணத்தையும் தானே அனுப்புறாவாம். கையெழுத்து வைக்கட்டோ?"

குட்டிக்குப் பத்துக் கிழமை. இரண்டாவது தடுப்பூசிகூட இன்னும் போடவில்லை. "உள்ளுக்கு வா தம்பி, முதல்ல இரு" என்றேன். அன்றைக்கு அவனோடு இரண்டு மணித்தியாலம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உரும்பிராயில் இருபத்துமூன்று வருடமாக நாய் வளர்க்கிறேன். குட்டி கொண்டுபோகிறவர்களில் யாராவது ஒருவர் ஒவ்வொரு வருடமும் இந்தக் கேள்வியோடு வருகிறார். நான் விட்ட பிழைகளையே அவர்களும் விடப் பார்க்கிறார்கள். பிறந்த திகதியை மாற்றி எழுதுவது, தவணையை மறப்பது போன்றவற்றை நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ரொறன்ரோக் கணக்கை உரும்பிராயில் போடுவது

வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். கனடாவில் நாயின் முழங்கால் சவ்வு அறுந்தால் சத்திரசிகிச்சைக்குப் பல ஆயிரம் டொலர் வேண்டும். சுவீடனில் 1924 இலேயே நாய்க்குக் காப்புறுதி தொடங்கிவிட்டது, இன்று அங்கே பெரும்பாலான நாய்களுக்கு அது உண்டு. அந்த ஊர்களில் மாதாமாதம் கட்டுவதில் நியாயம் இருக்கிறது.

எங்களுக்குச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வைத்தியர் கட்டணம் அந்த அளவுக்கு வராது. ஆனால் பெரிய சத்திரசிகிச்சை என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்து வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ போகச் சொல்வார்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 வீதியின் நீளம் மட்டும் 321 கிலோமீற்றர். நோயாளி நாயை வானின் பின்சீற்றில் கிடத்தி, வழிநெடுக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு போய்வரும் செலவுதான் எங்களுக்குப் பெரிய பில். படிவத்தில் வான் கூலிக்கு ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நான் பார்த்த படிவங்களில் இருக்கவில்லை.

காப்புறுதி இருக்கிறதென்று கைக்காசைக் கரைப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். ஏழெட்டு வருடம் போயும் இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரியும்.

சூரன் என்று ஒரு அல்சேசன் வைத்திருந்தேன். நாலு வயது, நல்ல அகன்ற நெஞ்சு, கோயில் மணி கேட்டால் கூடவே ஊளையிடுவான். அவனுக்குக் காப்புறுதி எடுக்கும் வரைக்கும் கிழமைக்கு ஐந்நூறு ரூபா ஒரு நெஸ்ரமோல்ட் டின்னில் போட்டு வந்தேன், நாய்களின் வைத்தியத்துக்கென்று. காப்புறுதி எடுத்ததும் அந்தப் பழக்கம் நின்றது. டின்னில் சேர்ந்திருந்த காசைப் பின்மதில் கட்டுகிற வேலைக்குக் கொடுத்துவிட்டேன். "அதுதான் கட்டுறமே, பிறகென்ன" என்பதுதான் என் நினைப்பு.

2018 ஆவணி, நல்லூர்த் திருவிழாக் காலம். சனிக்கிழமை இரவு ஒன்பது மணியிருக்கும். விறாந்தைச் சீமெந்தில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. சூரனின் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. மேலுதட்டைத் தூக்கி முரசைப் பெருவிரலால் அழுத்தினேன். நல்ல நாய்க்கு அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்கும். அவனுக்கு அழுத்த முன்னமே வெளுத்திருந்தது. வயிற்று மயிரை விலக்கிப் பார்த்தால் ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள்.

கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடியிருந்தபடியால் ஓட்டோ கொக்குவில் பக்கத்தால் சுற்றித்தான் ரவுணுக்குப் போனது. வைத்தியர் பார்த்த உடனே உண்ணிக் காய்ச்சல் என்றார். பழுப்பு உண்ணி கடிக்கும்போது உள்ளே போகிற எர்லிகியா என்ற கிருமி இரத்தத் தட்டுக்களைக் குறைத்துவிடும். அல்சேசன் இனத்துக்கு இது மற்ற நாய்களைவிடக் கடுமையாக வரும். இரவே சேலைன் ஏற்ற வேண்டும், இரத்தம் பரிசோதிக்க வேண்டும், வேறொரு நாயைக் கொண்டுவந்து இரத்தம் கொடுக்கவும் வேண்டிவரலாம் என்றார்.

காப்புறுதி அட்டையில் இருந்த இலக்கத்துக்கு அங்கிருந்தே அழைத்தேன். எடுத்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினா. "நீங்கள் கட்டிப்போட்டுப் பற்றுச்சீட்டை அனுப்புங்கோ அம்மா. திங்கட்கிழமை அலுவலகம் திறந்தபிறகு பாப்பினம்." முகவர் என் வீட்டு மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் விளக்கியவர். முதலில் நாங்கள் கட்ட வேண்டும், பிறகுதான் அவர்கள் தருவார்கள் என்ற ஒரு வசனத்தை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பையில் நாலாயிரம் ரூபா இருந்தது. "இப்ப ஊசியை மட்டும் போடுங்கோ, திங்கள் காசோட வாறன்" என்று சொல்லி நாயைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். கடனுக்குக் கேட்க வெட்கம். கேட்டிருந்தால் அந்த இரவே செய்திருப்பேன் என்று வைத்தியர் பிறகு சொன்னார். ஞாயிறு முழுக்கச் சூரன் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் படுத்தபடியே கிடந்தான். திங்கள் காலை கொண்டுபோகும்போது முரசு கடதாசி மாதிரி. பக்கத்து வீட்டு லாப்ரடோரின் இரத்தத்தை ஏற்றினார்கள். இருபத்தெட்டு நாள் கொடுக்க வேண்டிய டொக்சிசைக்கிளின் குளிசையில் மூன்று நாளுக்கானதுதான் முடிந்தது. வியாழன் விடிய அவன் போய்விட்டான்.

பிறகு எல்லாப் பில்லையும் சேர்த்து 31,500 ரூபாவுக்கு அனுப்பினேன். நிராகரித்தார்கள். காப்புறுதி தொடங்குவதற்கு மூன்று கிழமை முன்னர் வைத்தியரின் புத்தகத்தில் "உண்ணி அதிகம், சோர்வு" என்று எழுதப்பட்டிருந்தது. இந்தக் கிருமி மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் உடம்பில் இருக்கக்கூடியது. ஆகவே முன்பே இருந்த நோய் என்று எழுதிவிட்டார்கள். பத்திரத்தில் அந்த நிபந்தனை இருந்தது, அவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை. என்னை இன்றைக்கும் அரிப்பது அந்த 31,500 அல்ல, சனி இரவும் ஞாயிறும்தான். டின்னில் காசு இருந்திருந்தால் அவனைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கமாட்டேன்.

ஆகவே காப்புறுதியைப் பற்றி யோசிக்க முன்னர் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள்: ஒரு அவசர இரவு, இரத்தப் பரிசோதனை, மூன்று நாள் சேலைனும் மருந்தும் எவ்வளவு வரும்? அதோடு வாகனக் கூலியைக் கூட்டுங்கள். அந்தத் தொகை வீட்டிலோ, எந்த நேரமும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கிலோ இருக்க வேண்டும். அது சேரும்வரை கட்டுப்பணத்துக்கு என்று ஒதுக்குகிற காசை அங்கேயே போடுங்கள். அது சேர்ந்தபிறகு காப்புறுதியைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று, பில். எங்கள் பக்கத்தில் பாதிக் கடதாசியில் "ஊசி, மருந்து 6,500" என்று எழுதித் தருவதுதான் வழக்கம். அந்தத் துண்டுக்கு ஒருவரும் காசு தரமாட்டார்கள். நாயின் பெயர், திகதி, நோயின் பெயர், ஒவ்வொரு மருந்தின் விலை, வைத்தியரின் கையெழுத்து, முத்திரை, பதிவிலக்கம் எல்லாம் வேண்டும். மருந்தைப் பார்மசியில் வாங்கினால் துண்டில் உங்கள் பெயரும் இருக்கட்டும். அந்த இடத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

விலக்குகளைத் தன் வளவோடு ஒப்பிடாதது

முதல் பக்கத்தில் எவ்வளவு லட்சம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எனக்கு வேண்டியது "இவற்றுக்குப் பொறுப்பல்ல" என்கிற பக்கம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றி ஒருதரம் நடவுங்கள்.

எங்கள் நாய்களுக்கு வருவது என்ன? உண்ணிக் காய்ச்சல், குட்டிகளுக்குப் பார்வோ என்ற வைரஸ் வயிற்றோட்டம், வீதியில் மோட்டார்சைக்கிள், தோட்டத்துக் கட்டில்லாக் கிணற்றில் விழுவது, மழைக்குப் பிறகு புடையன் பாம்பு. உண்ணியால் வரும் நோயையே விலக்கிவைத்திருக்கும் பத்திரம் உண்டு. உண்ணி மருந்து ஒழுங்காகப் போட்டதற்குப் பதிவு கேட்கும் பத்திரமும் உண்டு. பாம்புக்கடி அவர்களுடைய "விபத்து" என்ற சொல்லுக்குள் வருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விஷமுறிவு மருந்து ஒரு குப்பியோடு முடிகிற காரியமல்ல.

தடுப்பூசி இருக்கிற நோய் ஊசி போடாமல் வந்தால் பெரும்பாலும் தரமாட்டார்கள். பார்வோவும் எலிக்காய்ச்சலும் அந்த வகை. 2024 மார்கழியில் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் மனிதரையே கொண்டுபோனதைக் கண்டோம். நாய்க்கும் அது வரும், நாயிடமிருந்து வீட்டுக்காரருக்கும் வரும். அந்த ஊசியை எப்படியும் போடத்தான் வேண்டும்.

லாப்ரடோர், அல்சேசன் வைத்திருப்பவர்கள் இடுப்பு மூட்டுப் பிசகு பரம்பரை நோய்ப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கருத்தடை செய்யாத பெட்டைக்கு வெப்பம், அதாவது கடுவனோடு சேருகிற பருவம், முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் கருப்பையில் சீழ் கட்டக்கூடும். அது உயிர் போகிற அவசரம். அதையும் கேளுங்கள்.

பெடியனுக்கு நான் இந்த இடத்தில்தான் நிறுத்திச் சொன்னேன். நோய்களுக்கு ஒரு காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள், பதினாலு நாளோ முப்பது நாளோ, அதற்குள் வருகிற நோய்க்குக் காசு தரமாட்டார்கள். பார்வோ தொற்றினால் சாதாரணமாக ஒரு கிழமைக்குள்ளேயே தெரிந்துவிடும். அவனுடைய குட்டியை அடுத்த ஒரு மாதத்துக்குக் காக்கப்போவது தடுப்பூசிதான், படிவம் அல்ல.

நோயை மறைப்பது

மறைக்காதீர்கள். வைத்தியரின் புத்தகத்தில் திகதியோடு இருக்கும்.

சாவுக்குத் தருவதை வைத்தியத்துக்கென்று நினைப்பது

மாட்டுக் காப்புறுதி மாதிரி, நாய் செத்தால் அதன் பெறுமதியைத் தருகிற பத்திரங்களும் உண்டு. நாய் நோயாகக் கிடக்கும்போது அதில் ஒரு சதமும் வராது. "உயிரோட இருக்கும்போது என்ன தருவியள்?" என்று கேளுங்கள்.

பெரிய பில்லை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பது

முகவர் எப்போதும் லட்ச ரூபாச் சத்திரசிகிச்சையைத்தான் உதாரணம் காட்டுவார். நீங்கள் சின்ன பில்லையும் போட்டுப் பாருங்கள். பேச்சுக்கு இப்படி வைப்போம்: ஒவ்வொரு தடவையும் முதல் 5,000 ரூபா உங்களுடையது, மிச்சத்தில் நூற்றுக்கு 20 உங்களுடையது, வருடக் கட்டுப்பணம் 18,000.

40,000 ரூபா பில் என்றால் 5,000 போக 35,000. அதில் 28,000 கைக்கு வரும். அந்த வருடம் கட்டியதற்கு மேல் பத்தாயிரம் லாபம். 8,000 ரூபா பில் என்றால் வருவது 2,400. காது அழுகல், வயிற்றோட்டம், தோல் சொறி என்று எங்களுக்கு அடிக்கடி வருவது இந்த எட்டாயிரம் வகைதான். அதற்காகக் கடதாசி சேர்த்து அலைவதில் பயனில்லை. இருபது வீதத்தை முதலில் கழித்துவிட்டு 5,000 ஐப் பிறகு கழிக்கிற முறையும் உண்டு. அப்போது 40,000 க்கு 27,000 தான். எது முதலில் என்று கேளுங்கள்.

பத்து வருடத்துக்கு அதே கட்டுப்பணம் என்று வைத்தாலும் 180,000 ரூபா. வயது ஏற ஏற அதுவும் ஏறும். அந்தப் பத்து வருடத்தில் ஒரு பெரிய விபத்தாவது வரக்கூடிய நாயா உங்களுடையது? கேற் திறந்தால் வீதிக்குப் பாய்கிற இரண்டு வயது நாயும், விறாந்தையை விட்டு இறங்காத பொமேரியனும் ஒன்றல்ல.

காப்புத் தொகையை வருடாவருடம் பார்க்காமல் விடுவது

2022 தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. நாய்க்கான ஊசியும் மருந்தும் அநேகமாக இறக்குமதி. முந்தின வருடம் போதுமென்று வைத்த தொகை அந்த வருடம் பாதி பில்லுக்குத்தான் காணும். புதுப்பிக்கும்போது பழைய தொகையிலேயே கையெழுத்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

எட்டொன்பது வயது நாய்க்கு அவசரமாக எடுப்பது

வேண்டாம். டின்னில் போடுங்கள்.

இப்போது என்னிடம் மூன்று நாய்கள். ஒன்பது வயது லாப்ரடோருக்கும், வீதியில் எடுத்து வளர்த்த ஊர்நாய்க்கும் காப்புறுதி இல்லை. இரண்டு வயது அல்சேசன் பெட்டைக்கு மட்டும் உண்டு. மதில் பாய்கிறவள், இரண்டு தரம் கிணற்றடியில் பிடித்தோம், குட்டியில் இருந்தே பதிவுப் புத்தகம் ஒழுங்காக இருக்கிறது, உண்ணி மருந்து போட்ட திகதிகளும் அதில் உண்டு. பத்திரத்தில் விபத்துக்கும் பெரிய சத்திரசிகிச்சைக்கும் மட்டும் கட்டுகிறேன். நெஸ்ரமோல்ட் டின் திரும்பவும் அலுமாரியில் இருக்கிறது.

பெடியன் அன்றைக்குக் கையெழுத்து வைக்கவில்லை. அக்காவுக்கு என் முன்னாலேயே போன் எடுத்தான். முதல் ஆறு மாதக் காசை நாயின் பேரில் தனியாகப் போட்டுவைக்க அவவும் சம்மதித்துவிட்டா. குட்டிக்கு இரண்டாவது ஊசி அடுத்த செவ்வாய் போட்டாயிற்று. மூன்றாவது முடிந்தபிறகு விலக்குப் பக்கத்தை அச்சடித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேருமாக இருந்து வாசிக்க.