மணவிலக்குக்குப் பிறகு கடனை ஒழுங்குபடுத்துவது எப்படி?

மணவாழ்க்கை முறிந்தபின் பணத்தைப் பற்றிப் பேச உட்காரும் குடும்பங்களில், யார் மீது தவறு என்பதிலேயே பேச்சு தொடங்கி அதிலேயே முடிந்துவிடுவதுண்டு. வங்கிக்கு அந்தக் கேள்வியில் அக்கறை இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரிடம்தான் அது பணம் கேட்கும். கடனை மற்றவர் கட்ட வேண்டும் என்று மணவிலக்கு ஆணையிலேயே எழுதியிருந்தாலும் உங்களிடம் கேட்கும், ஏனெனில் அந்த வழக்கில் வங்கி ஒரு தரப்பு அன்று. ஆகவே மலேசியாவில், கோலாலம்பூரிலோ பினாங்கிலோ பிரிவை எதிர்கொள்ளும் ஒருவர் முதலில் செய்ய வேண்டியது, தம் கையெழுத்து எங்கெங்கே இருக்கிறது என்று கணக்கெடுப்பதாகும்.

இதற்கு, மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஒருவரின் கடன் விவரங்களைத் தொகுத்துத் தரும் சிசிரிஸ் அறிக்கை போதுமான தொடக்கம். இசிசிரிஸ் இணையத்தளத்தில் பதிந்துகொண்டால் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே கடந்த பன்னிரண்டு மாதங்களுக்கான கட்டங்கள் இருக்கும். கட்டத்தில் 0 என்றிருந்தால் நிலுவை இல்லை, 2 என்றிருந்தால் இரண்டு மாதத் தவணை நிற்கிறது என்று பொருள். மற்றவர் கட்டிவருவதாக நீங்கள் நம்பியிருந்த வீட்டுக் கடனின் உண்மை நிலையை அந்தக் கட்டங்கள் சொல்லிவிடும். அந்த அறிக்கையில் வராதவற்றை நீங்களே தாளில் எழுதிச் சேர்க்க வேண்டும்: அடகுக் கடைச் சீட்டு, அண்ணனிடமோ சித்தியிடமோ வாங்கிய கைமாற்று, கைப்பேசி ஒப்பந்தம், மின்கட்டண நிலுவை, பாதியில் நிற்கும் கூட்டு (பலர் மாதந்தோறும் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டு). கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருப்பதால், அதில் போட்ட பணம் திரும்பாவிட்டால் சட்டத்தின் துணையைப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. எனினும் கட்ட வேண்டிய மாதங்கள் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கெடுத்த அதே வாரத்தில் கசிவுகளை அடைத்துவிட வேண்டும். உங்கள் கிரெடிட் கார்டின் துணை அட்டை மற்றவரிடம் இருந்தால் அதை ரத்து செய்யுங்கள், ஏனெனில் அதில் ஏறும் செலவு முழுவதும் முதன்மை அட்டைக்காரரின் தலையில்தான் விழும். கூட்டுக் கணக்கில் இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வங்கியில் மாற்றச் சொல்லுங்கள். சம்பளம் அந்தக் கணக்கில் விழுகிறதென்றால் தனிக் கணக்கொன்று திறந்து முதலாளியிடம் தெரிவியுங்கள். இவற்றைச் செய்வது பழிவாங்கல் ஆகாது; மற்றவருக்கும் சொல்லிவிட்டே செய்யலாம்.

வீடுதான் பெரிய சிக்கல். இருவர் பெயரிலும் எடுத்த வீட்டுக் கடனில் ஒவ்வொருவரும் பாதிக்கு மட்டும் பொறுப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. வெளியே வர மூன்று வழிகள் உண்டு: வீட்டை விற்றுக் கடனை அடைப்பது; ஒருவர் தம் பெயரில் மட்டும் மறுகடன் பெற்று மற்றவரின் பங்கை வாங்கிக்கொள்வது; இருவருமே சிறிது காலம் சேர்ந்து கட்டுவது. மூன்றாவது வழி சுமுகமாகத் தோன்றினாலும் ஆபத்து மிகுந்தது என்பது என் கருத்து, ஏனெனில் ஒருவர் தவணையை நிறுத்தினால் இருவரின் சிசிரிஸ் அறிக்கையும் கெடும். அதைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டுமென்றால், இன்ன தேதிக்குள் மறுகடன் கிடைக்காவிட்டால் வீடு விற்கப்படும் என்ற வாசகத்தை உயர்நீதிமன்ற ஆணையிலேயே இடம்பெறச் செய்யுங்கள். முஸ்லிம் அல்லாதோருக்கு 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வழியாக இருவரும் சேர்ந்து மனுச் செய்யலாம். சொத்துப் பங்கீடு 76ஆம் பிரிவின்கீழ் வருகிறது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு இது ஷரியா நீதிமன்றத்தின் பொறுப்பு. கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, பதிவிலாகாவில் பதியாமல் விட்டவர்களுக்கு இந்த வாசல் எளிதில் திறக்காது. அவர்கள் முதலில் வழக்கறிஞரையோ, வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி இலாகாவையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ நாடுவது நல்லது.

காருக்கு வாடகைக் கொள்முதல் கடன் (தவணைமுறையில் வண்டி வாங்கும் கடன்) உங்கள் பெயரில் இருந்து, வண்டி மற்றவரிடம் இருந்தால், தவணை தவறும் மாதத்தில் அழைப்பு உங்களுக்குத்தான் வரும். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறி, 21 நாள் அறிவிப்பும் கொடுத்த பிறகே வண்டியைப் பறிமுதல் செய்யலாம்; விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற ஆணையும் வேண்டும். அந்த அவகாசத்தில் வண்டியைத் திரும்பப் பெற்று விற்பதா, பெயர் மாற்றுவதா என்று முடிவெடுங்கள். நீங்கள் ஜாமீன் மட்டும் போட்டிருந்தால் சிறிது ஆறுதல் உண்டு: சொந்த உபயோகத்துக்கான கார், குடியிருக்கும் வீடு, கல்வி ஆகியவற்றுக்கான கடனுக்கு இலாப நோக்கமின்றி ஜாமீன் நின்றவரை, 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு திவாலாக்க முடியாது. எனினும் பணத்தைக் கேட்டு வழக்குத் தொடுக்கத் தடையில்லை.

கிரெடிட் கார்டைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். கல்யாண மண்டபம், சாப்பாடு, நகை என்று தேய்த்த கடன் திருமணத்தைவிட நீண்ட ஆயுளோடு நிற்பது நம் சமூகத்தில் புதிதன்று. 8,000 ரிங்கிட் நிலுவைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி என்றால் முதல் மாத வட்டி 120 ரிங்கிட். குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 400 ரிங்கிட். நிலுவை குறையக் குறைய வங்கி கேட்கும் குறைந்தபட்சமும் குறைந்துகொண்டே போகும். அதை மட்டும் கட்டிவந்தால் இரண்டு ஆண்டுகள் கழித்தும் 3,300 ரிங்கிட்டுக்கு மேல் பாக்கி இருக்கும். அட்டையை மேலும் பயன்படுத்தாமல், மாதந்தோறும் 400 ரிங்கிட்டை விடாமல் கட்டினால் அதே இரண்டு ஆண்டுகளில் கடன் தீர்ந்துவிடும். எனவே பில்லில் அச்சிட்ட குறைந்தபட்சத்தைப் பார்க்காமல், முதல் மாதத் தொகையையே தானியங்கிக் கட்டணமாக அமைத்துவிடுங்கள்.

ஊழியர் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கிலிருந்து எடுத்து இந்த அட்டைக் கடனை அடைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2024ஆம் ஆண்டுக்குச் சேமநிதி அளித்த இலாப ஈவு 6.30 விழுக்காடு, அட்டைக் கடனின் வட்டி 18. கணக்குப் பார்த்தால் பணத்தை எடுத்து அடைப்பதே சரி என்று தோன்றும். ஆனால் அடைத்த கையோடு அட்டையை வெட்டிப் போடும் உறுதி உள்ளவருக்கே இதை நான் பரிந்துரைப்பேன்.

வருமானத்தில் அடிப்படைச் செலவு போக மிஞ்சுவது தவணைகளுக்குப் போதாதென்றால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேயை அணுகுங்கள். ஆலோசனைக்கும் கடன் நிர்வாகத் திட்டத்துக்கும் கட்டணம் இல்லை. பினாங்கிலும் அதன் கிளை உண்டு. அவர்கள் வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியமைப்பார்கள். திட்டம் முடியும்வரை புதுக் கடன் கிடைப்பது அரிது. சம்பளச் சீட்டு, கடன் அறிக்கைகள், வாடகை ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகியவற்றோடு செல்லுங்கள். மற்றவர் தர வேண்டிய ஜீவனாம்சத்தை, கைக்கு வரும்வரை, வருமானமாக எழுதாதீர்கள். திவால் வழக்குக்கான கடன் வரம்பு இப்போது 100,000 ரிங்கிட். அதை நெருங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் ஆலோங் (உரிமமில்லா வட்டிக்காரர்) எண்ணுக்கு மட்டும் அழைக்காதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைகூடப் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. வாரக் கணக்கில் வட்டி கேட்பவர் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்.

கடைசியாக, பலர் மறந்துவிடும் வேலை ஒன்று. சேமநிதியின் வாரிசு நியமனத்தையும் காப்புறுதிப் பத்திரங்களையும் எடுத்துப் பாருங்கள். மணவிலக்கு ஆணை கிடைத்தவுடன் அவற்றில் உள்ள பெயர் தானாக மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். முஸ்லிம் அல்லாதவர் ஆயுள் காப்புறுதியில் கணவரையோ மனைவியையோ நியமித்திருந்தால் அது அறக்கட்டளைப் பத்திரமாகிவிடும், அதாவது நியமிக்கப்பட்டவருக்காக ஓர் அறங்காவலரின் பொறுப்பில் இருக்கும் பத்திரம். அதைப் பின்னர் மாற்றுவதற்கு அறங்காவலரின் சம்மதம் தேவைப்படும், பெரும்பாலும் அந்த அறங்காவலர் முன்னாள் துணையாகவே இருப்பார். ஆகவே அந்தச் சம்மதக் கடிதத்தையும் மணவிலக்கு மனுவின் தாள்களோடு சேர்த்து அப்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.