கல் மெருகேற்றும் பெட்டி: பிள்ளைகளோடு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆற்று நீர் கல்லை ஆண்டுக்கணக்கில் உருட்டித் தேய்த்துக் கூழாங்கல்லாக்குவதை, கற்களை இட்டு மூடும் ஒரு சிறிய உருளை, அதைச் சுழற்றும் மோட்டார், தேய்ப்புத் தூள் ஆகியவற்றைக் கொண்டு ஏறக்குறைய நான்கு வாரத்தில் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அந்த நான்கு வாரக் கணக்கைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லாமல் விடுவதுதான் முதல் தவறு. அட்டைப்பெட்டியின் மேல் மின்னும் கற்களைக் கண்ட குழந்தை, மறுநாள் காலையிலேயே அவை கைக்கு வந்துவிடும் என்று நம்பும். அந்த அவசரத்துக்கு இணங்கிப் பெரியவர்கள் கட்டங்களைச் சுருக்கும்போதே மற்றத் தவறுகள் பலவும் நுழைந்துவிடுகின்றன.

வேலை பொதுவாக நான்கு கட்டங்களாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு வாரமாக நடக்கும். தூள் பொட்டலத்தில் 60/90, 150/220, 500 என்பன போன்ற எண்கள் இருக்கும். எண் கூடக்கூடத் தூள் நுண்மையாகும். கடைசியில் வருவது மெருகுத் தூள். கல்லுக்கு உருவம் தருவது முதல் கட்டம் மட்டுமே. முனைகளும் பள்ளங்களும் அங்கே தேயாவிட்டால், பின்வரும் கட்டங்கள் அவற்றைப் பளபளப்பாக்குமே தவிர நீக்கமாட்டா. ஆகவே ஏழு நாள் முடிந்துவிட்டது என்பதற்காக அடுத்த பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. கல் வழவழப்பாகவில்லை என்றால், புதிதாகச் சொரசொரப்புத் தூள் இட்டு இன்னொரு வாரம் ஓட்ட வேண்டும். ஈரமான கல் எப்போதும் பளபளப்பாகவே தெரியும் என்பதால், துடைத்து உலர்த்திய பிறகே அதை மதிப்பிட வேண்டும். தேய்க்காத கல் ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருந்தால், வாரந்தோறும் ஒப்பிட்டுப் பார்ப்பதே பிள்ளைக்குப் பொறுமையைத் தரும்.

மெருகு கெடுவதற்கு மிக முக்கியமான காரணம், என் கருத்தில், சரியாகக் கழுவாமையே. முந்தைய கட்டத்தின் சொரசொரப்புத் துகள்கள் ஒரு கல்லின் வெடிப்பிலோ மூடியின் விளிம்பிலோ ஒட்டிக்கொண்டிருந்தால், கடைசி வாரம் முழுவதும் அவை மற்றக் கற்களைக் கீறிக்கொண்டே இருக்கும். கற்கள், உருளை, மூடி மூன்றையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். வெடிப்பும் துளையும் உள்ள கற்களை மெருகுக் கட்டத்துக்குக் கொண்டுபோகாமல் ஒதுக்கிவிடுவது நல்லது. அவற்றை எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது.

கழுவிய சேற்றை எங்கே ஊற்றுவது என்பதில் பலர் இடறுகிறார்கள். கல்மாவும் தூளும் கலந்த அந்தக் குழம்பு குழாய்க்குள் படிந்து சிமெண்டைப் போல் இறுகி அடைத்துக்கொள்ளும். சமையலறைத் தொட்டியில் கழுவாமல் வாளியில் கழுவி, அடியில் தங்கும் வண்டலைக் குப்பையில் சேர்க்க வேண்டும். காய்ந்த வண்டலிலிருந்து எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால், அதை ஈரமாக இருக்கும்போதே அள்ள வேண்டும்.

பெட்டியோடு வந்த கற்கள் தீர்ந்ததும் பிள்ளைகள் தெருவில் பொறுக்கியதையெல்லாம் கொண்டுவந்து போடுவார்கள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட் 3. இரண்டையும் ஒரே உருளையில் இட்டால், கடினமானது உருப்பெறுவதற்குள் மென்மையானது கரைந்து சேறாகிவிடும். ஒரு துளி வினிகர் விட்டுப் பார்த்து நுரைத்தால், அது சுண்ணாம்பு வகைக் கல் என்று அறிந்து விலக்கிவிடலாம். ஈயத் தாதான கலீனா, பாதரசத் தாதான சின்னபார், கல்நார் கலந்த கற்கள் ஆகியவை குழந்தைகளின் கருவிக்குள் போகவே கூடாது. இன்னதென்று தெரியாத கல்லுக்கும் அதே விதி.

உருளையில் கற்கள் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரை இருக்க வேண்டும். குறைவாக இருந்தால், கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாமல் மோதி உடையும். நிறைத்துவிட்டால் அசையவே இடம் இராது. சிறியதும் பெரியதுமாகக் கலந்திருப்பதும், தண்ணீர் மேற்கற்களின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்பதும் முறை. உருளையின் வெளிப்புறம் ஈரமாக இருந்தால் அது உருளாமல் வழுக்கும். மூடியதும் துடைத்துவிட வேண்டும்.

இரவும் பகலும் ஓடும் இரைச்சலைத் தாங்காமல், சிலர் கருவியின்மேல் துணியைப் போர்த்துகிறார்கள் அல்லது அலமாரிக்குள் பூட்டுகிறார்கள். காற்றோட்டம் இல்லாமல் மோட்டார் சூடேறிக் கருகுவதற்கு அதுவே வழி. படுக்கையறைக்குத் தொலைவில், காற்று வரும் இடத்தில், தடித்த ரப்பர் விரிப்பின்மேல் வைத்தாலே ஓசை பெருமளவு அடங்கும். சில கற்கள் தேயும்போது உள்ளே வாயு சேர்ந்து மூடி புடைக்கக்கூடும் என்பதால், நாளுக்கு ஒரு முறை நிறுத்தித் திறந்து மூட வேண்டும். அதைப் பெரியவர்களே செய்ய வேண்டும். தூளையும் கற்களையும் கைக்குழந்தைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எல்லாம் முடிந்தும் கல் மங்கலாகவே இருந்தால், மெருகுத் தூளை மேலும் கொட்டுவதால் பயனில்லை. நல்ல வெளிச்சத்தில் பார்த்து, கீறல் தெரிந்தால் கற்களை 500 எண் தூளுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். கீறல் இல்லாமல் படலம் மட்டும் இருந்தால், சோப்புத் துருவலும் தண்ணீரும் இட்டுச் சில மணி நேரம் ஓட்டினால் அது பெரும்பாலும் விலகிவிடும்.